நிற்கிற எஞ்சினுக்குக் கரி

முனிராஜ் பொம்மிடியில் கரி அள்ளிப் போட்டால் சேலத்தில் இருக்கிறவன் வேட்டி கறுக்கும் என்பார்கள். நீராவி எஞ்சினில் ஃபயர்மேன் வேலை. காலையில் அவர் தின்கிற களி உருண்டையைப் பார்த்தால், வண்டிச் சக்கரம்தான் கழன்று தட்டில் விழுந்துவிட்டதோ என்று பயம் வரும்.

அப்பேர்ப்பட்ட ஆள் 1973-ல், மூன்றே மாதத்தில், கரி அள்ளுகிற ஷவலைத் தூக்கத் தெம்பில்லாமல் போனார். டிரைவர் பரீட்சை வந்திருந்தது. அஞ்சாவதோடு நின்றவருக்குத் தலையணைத் தடிமனில் விதிப்புத்தகம். பொம்மிடி ஏற்றத்தில் நீராவி இறங்கி, கூட்ஸ் வண்டி இரண்டு தடவை நின்றேவிட்டது.

"முனிராஜு, நானும் எத்தினி நாளைக்குப்பா மறைக்கிறது?" என்றார் டிரைவர் கோவிந்தன். "பத்து நாள்ல தேறலன்னா உன்ன எஞ்சின வுட்டு எறக்கி, ஷெட்டுல சாம்பல் வாரப் போட்டுருவாங்க."

மனைவி காசியம்மாள் ஆட்டுக்கால் சூப்பு வைத்து ஊற்றினாள். ஊரில் நாலு காலோடு நடந்த ஆடே இல்லை. பலனும் இல்லை. டாக்டர் ஹாஜிராவிடம் இழுத்துப் போனாள்.

"ரத்தம், நெஞ்சு எல்லாம் நல்லாருக்குதுங்க. தூங்கறீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"எங்கம்மா தூங்கறாரு!" என்றாள் காசியம்மாள். "படுத்துக்கிட்டே பரீட்சை ஆபீசருக்குப் பதில் சொல்றாரு. நேத்து எனக்கே சல்யூட் அடிச்சாரு."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஒடம்புல ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத பாய்லருங்க இருக்குது. மைட்டோகாண்ட்ரியான்னு பேரு. தின்ன சோத்த எரிச்சுத் தெம்பாக்கறது அதுதான். பயந்தா, ஓடறதுக்குத் தயாரா ஒடம்பு அத முடுக்கும். ஓடிட்டா சரி. நீங்க மூணு மாசமா படுத்த எடத்துலயே..."

"நிக்கிற எஞ்சினுக்குக் கரி போட்டுக்கிட்டு இருக்கறனுங்க," என்றார் முனிராஜ்.

"அதேதாங்க. பாய்லர் எத்தினி நாளைக்குத் தாங்கும்? காலையில ஒரு மணி நேரம் படிங்க. அப்புறம் பொஸ்தகத்த மூடிடுங்க."

காசியம்மாள் மூடியதோடு விடவில்லை. தினமும் அதைக் கம்புப் பானைக்குள் புதைத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றினாள். நாலு நாள் முனிராஜ் பானையைப் பூனைபோலச் சுற்றினார். அஞ்சாம் நாள் அவர் விட்ட குறட்டையை ரயில் என்று நினைத்து ஸ்டேஷனில் சிக்னல் இறக்கினார்களாம்.

பத்தாம் நாள் ஏற்றத்தில் நீராவி அளவு காட்டுகிற முள் கீழே இறங்கவேயில்லை. வண்டி பொம்மிடியில் நின்றதும் முனிராஜ் ஷவலை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"என்னப்பா, உக்காந்துட்ட?" என்றார் கோவிந்தன்.

"வண்டி நிக்குதுங்களேண்ணே."

"பரீட்சை?"

"அது அடுத்த மாசங்க. இப்ப கம்புப் பானையில கெடக்குது."