தனகோடி நீட்டாத கை

உப்பளத்தில் தனகோடியைப் போல ஒரு வாயாடி கிடையாது என்று மேஸ்திரியே சொல்வார். பன்னிரண்டு வயதில் பாத்தியில் இறங்கியவள். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், குடித்தே செத்த புருஷன், எல்லாவற்றையும் உப்பு வாரிக்கொண்டே பார்த்து முடித்தவள். அப்படிப்பட்டவள் சுனாமிக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டாள். காலனியில் ஒரு உயிரும் போகவில்லையே, இவளுக்கு என்ன வந்தது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

வந்தது குப்பம்மாளால். குப்பம்மாள் கடலோரக் குப்பத்து மீன்காரி. தினமும் காலையில் கால்வாய்க்கரை வழியாகக் கூடையோடு வருவாள். தனகோடியின் பாத்திக்கு எதிரே கூடையை இறக்கி வைப்பாள். இருவரும் வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்க்கதை அத்தனையும் அலசுவார்கள். பத்து வருஷச் சிநேகிதம். ஆனால் குப்பம்மாள் வெற்றிலையைத் தனகோடியின் கையில் தந்ததில்லை. வரப்பில் வைத்துவிட்டு ஓரடி தள்ளி நிற்பாள், தனகோடி எடுத்துக்கொள்வாள். காலனிக்காரியின் கையைக் குப்பத்துக்காரி தொடுவதில்லை. இதில் இருவருக்கும் வருத்தம் கிடையாது, ஏனென்றால் இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தனகோடி, நீண்ட மூங்கில் கழி மாட்டிய பலகையால் பாத்தியில் மழைச்சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கால்வாய்த் தண்ணீர் திடீரென்று கடல் பக்கமிருந்து எதிர்த்து ஏறி வந்தது. தனகோடி மேட்டு வரப்பில் தாவி ஏறிவிட்டாள். கரையில் வந்த குப்பம்மாளைத் தண்ணீர் வாரிக்கொண்டது. ஒரு கணம் அவளைத் தனகோடியின் காலடி வரைக்கும் கொண்டுவந்தும் விட்டது. குனிந்து கையைக் கொடுத்திருக்கலாம். தனகோடி கழியை நீட்டினாள். சேறு அப்பிய மூங்கில் வழுக்கியது, குப்பம்மாள் போய்விட்டாள். மூன்றாம் நாள் சீமைக்கருவேல முள்ளில் கிடந்தாள்.

தூரம் அதிகம் என்று தனகோடி தனக்கே சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. தை பிறந்து உப்பு வேலை தொடங்கியதும், பலகையைத் தொட்டாலே கழியின் அந்த முனையை யாரோ பிடித்திருக்கிற கனம் தெரிந்தது. திரும்பிப் பார்ப்பாள், வெறும் பாத்திதான் வெயிலில் கிடக்கும். வெற்றிலையை விட்டாள். சோறு பிசையும்போது தன் கையைப் பார்த்துப் பாதியில் எழுந்துவிடுவாள். குப்பம்மாளின் புருஷன் சிங்காரத்தைத் தெருவில் கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுவாள். அவனிடம் சொல்லாமல் இந்தக் கனம் இறங்காது என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயமும் இருந்தது.

அந்த ஆடி மாதம் ஒரு தொண்டு நிறுவனம் குப்பத்தையும் காலனியையும் ஒரே கொட்டகையில் உட்காரவைத்தது. நிவாரண அரிசி காலனிக்குக் கடைசியில்தான் வந்தது என்று ஒரு புகார், அதைப் பேசித் தீர்க்க வேண்டுமாம். ஜான்சி என்ற பெண் கூட்டத்தை நடத்தினாள். இடையஞ்சாவடிப் பக்கம் குடியேறியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், தன் நாட்டில் கறுப்பர்களுக்கென்று ஒரு காலத்தில் தனிக் குழாய் இருந்த கதையைச் சொன்னார். ஜான்சி தமிழில் சொல்லச் சொல்லச் சிங்காரத்துக்கு ஆத்திரம் பொங்கியது. மனுசனை மனுசன் இப்படியா நடத்துவான் என்று கேட்டான். அரிசி கொண்டுவந்திருந்த கோட்டக்குப்பத்து உபைதுல்லா, சவுதியில் முதலாளி வீட்டுத் தட்டில் நம் ஆட்களுக்குச் சோறு போடமாட்டார்கள் என்று தன் பங்குக்கு வருத்தப்பட்டார். கடல் தாண்டி நடந்த அநியாயம் ஒவ்வொன்றுக்கும் கொட்டகையில் கண்ணீர் தயாராக இருந்தது. உள்ளூர்ப் பேச்சு வந்ததும் சிங்காரம் கையை விரித்தான். அலை எல்லாரையும் ஒன்றாகத்தான் அடித்தது, நம்ம ஊரில் அப்படியொன்றும் இல்லை என்றான்.

தனகோடி எழுந்தாள். ஏழு மாதத்தில் அவள் பலர் முன்னால் வாய் திறந்தது அன்றுதான். வெற்றிலையைச் சொன்னாள், தண்ணீரைச் சொன்னாள், கழியைச் சொன்னாள். "கைய குடுக்கணும்னு எனக்கு தோணவே இல்லீங்க," என்றாள். "கழிதான் நீண்டுச்சு."

ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். வெள்ளத்தில் யார் ஜாதி பார்த்தார்கள், கழி நீட்டினதே பெரிய காரியம் என்றது ஒரு பக்கம். அவளை அப்படிப் பழக்கிவிட்டது யார் என்றது இன்னொரு பக்கம். தனகோடியின் காதில் எதுவும் ஏறவில்லை. சிங்காரம் தன்னைத் திட்டுவான், ஏன் அடிக்கக்கூடச் செய்வான் என்றுதான் அவள் வந்திருந்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்று நின்றாள்.

சிங்காரம் மெதுவாகச் சொன்னான். "உம்மேல தப்பு இல்லம்மா. நீ கைய நீட்டியிருந்தாலும் அவ புடிச்சிருக்க மாட்டா. அவ அப்படி."

 அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். அதைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தால், அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். யாருக்கும் பொல்லாப்பில்லை. ஆனால் குப்பம்மாளைப் பற்றி அப்படியொரு பொய்யை விட்டுவைக்க அவளால் முடியவில்லை.

"இல்லீங்க," என்றாள் தனகோடி. "அக்காதான் மொதல்ல கைய நீட்டுனாங்க."