கறுப்பு மொச்சை

தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவன் வயிற்றில் இருந்தபோது அம்மா கிரகண நேரத்தில் மரவள்ளிக் கிழங்கு வெட்டிவிட்டாள், அதனால்தான் என்பது எங்கள் மலையில், திண்ணனூர் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. யாரும் சண்டைபோட்டுச் சொல்லவில்லை. கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றும்போது போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவார்கள். அம்மா எதிர்த்துப் பேசியதே இல்லை. அவளும் அப்படியே நம்பினாள் என்பதுதான் கொடுமை.

நான் பத்தாம் வகுப்பு படித்தபோது மரபியல் பாடம் வந்தது. மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த டீச்சர் போர்டில் நான்கு கட்டம் போட்டு, இரண்டு நெட்டைப் பட்டாணிச் செடிகளுக்குக் குட்டைச் செடி எப்படிப் பிறக்கும் என்று காட்டினார். இரண்டிலும் குட்டைக்கான கூறு ஒளிந்திருந்தால் போதுமாம். மணி அடித்ததும் தம்பியைப் பற்றிக் கேட்டேன். அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்றார். அம்மாவுக்கு அப்பா அத்தை மகன் என்றேன்.

"அப்ப பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்மா" என்றார். அந்தப் 'பெரும்பாலும்' என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா மொச்சை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து வெள்ளை ஒன்றும் கறுப்பு ஒன்றும் எடுத்து அவள் கையில் வைத்தேன். என் கையிலும் அதேபோல, நான்தான் அப்பா. ஆளுக்கு ஒன்று, பார்க்காமல் கீழே போட வேண்டும். ஒரு வெள்ளை விழுந்தாலும் பிள்ளைக்குக் காது கேட்கும். இரண்டும் கறுப்பென்றால் தம்பி. நான்கில் ஒரு தடவை அப்படி வர வாய்ப்பு உண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக. ஐந்தாவது தடவை இரண்டும் கறுப்பாக விழுந்தன.

அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் கெழங்கு வெட்டுனதுனால இல்லியா கண்ணு?"

"இல்லீங்கம்மா. கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க பாதி, அப்பா பாதி."

துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத உங்கப்பாகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு. அவரு ஒரு நாளும் என்னைய ஒரு சொல்லு சொன்னதில்ல."

எனக்கு வந்ததே கோபம்! இத்தனை வருஷப் பழி தீர்ந்திருக்கிறது, அதை மூடி வைக்கச் சொல்கிறாள். மறுநாள் காலை, மிளகுக் கொடியை மரத்தோடு கட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் அத்தனையையும் கொட்டிவிட்டேன். கையில் பிடித்த கொடியை விடாமல் கேட்டார். கண் கலங்கிவிட்டது.

"அம்மாகிட்டச் சொல்லிட்டியா சாமி?"

"சொல்லிட்டேனுங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாங்க."

கொடியை மரத்தோடு கட்டி முடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்ப எனக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும். இனி எவனாச்சும் கெழங்குப் பேச்ச எடுத்தா நான் பாத்துக்கறேன்."

சொன்னபடியே பார்த்துக்கொண்டார். அடுத்த விருந்தில் ஒரு பெரியவர் வாயெடுத்ததும், அப்பா பாதி இலையில் எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அப்பாவுக்கு அன்று ஏன் அவ்வளவு கோபம் என்று அம்மாவும் கேட்கவில்லை.

இரண்டு பேருக்கும் அறிவியல் என்றால் பயம், படிக்காதவர்கள் என்று நான் முடிவு கட்டினேன். பரீட்சையில் அதே நான்கு கட்டம் வந்தது. முழு மார்க் வாங்கினேன். ஒருவர் மனம் நோகக் கூடாதென்று மற்றவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் அன்று எனக்கு விளங்கவே இல்லை.