அறுபது மீற்றரில் ஒரு திருக்கை

அறுபது மீற்றர் தூரத்தில் நின்று, ஒரே அம்பில், கடலுக்குள் கிடந்த திருக்கையை அடித்தவன் நான். இன்று மத்தியானத்திலிருந்து எங்கள் வீட்டில் இந்தக் கதைதான் ஓடுகிறது. நெடுந்தீவில் கதை ஓடுகிற வேகத்துக்கு, பின்னேரப் படகோடு அது அடுத்த தீவுக்கும் போயிருக்கும். முழுப் பொய். உண்மையை இந்தக் கொப்பியில் எழுதி வைக்கிறேன். பொய்யைத் தொடக்கினது நான் இல்லை என்பது மட்டும்தான் இதில் எனக்குள்ள பெருமை.

நான் கடல் தொழில் செய்கிற ஆளில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட, தெற்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வளர்ந்தவன். வாழ்க்கையில் நான் குறி தவறாமல் செய்த ஒரே வேலை, ஒரு கிளாசிலிருந்து மற்றக் கிளாசுக்குத் தேத்தண்ணி ஆற்றுவது. அந்தத் தூரமும் இரண்டு முழத்துக்கு மேல் போனதில்லை.

மகள் முதல் பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்கு வந்திருந்த நேரம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற, மிளகும் சீரகமும் அரைத்துத் திருக்கையில் சரக்குக்கறி வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். எதிர்வீட்டு மீன்காரர் நல்ல மனிதர், தானே ஒன்று கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். கனடாவில் இருக்கிற என் மச்சான், மனுசியின் தம்பி, வில்லால் தான் அடித்த மானின் தலையை வீடியோவில் காட்டி அப்போது ஒரு கிழமையும் ஆகவில்லை. அந்தக் கொழுப்பில் நான், பேரப்பிள்ளைக்குரிய திருக்கையை நானே வில்லால் அடிப்பேன், ஒருவரும் மினக்கெட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்திருந்தால் பகிடியாய்ப் போயிருக்கும். மருமகன் மட்டும் மரியாதையாய்த் தலையாட்டினார். பேச்சு வாக்காகிவிட்டது.

தண்ணீர்க் குழாய் ஒன்றை நெருப்பில் வாட்டி வளைத்து வில் செய்தேன். மீன்பிடிக்கிற தங்கூசி நூலை முறுக்கி நாண். சைக்கிள் கம்பியைக் கூராக்கித் தடியில் கட்டினால் அம்பு. மச்சானுக்கு வீடியோவில் காட்டினேன். சிரிப்பை விழுங்கிக்கொண்டு பாடம் எடுத்தார்.

"அத்தான், அறுவது மீற்றரிலை நிண்டு பழகுங்கோ. தூரத்திலை கை பழகிட்டுதெண்டா, இருவதிலை நிண்டு கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம்."

காவோலை அடைத்த சாக்கு ஒன்றைப் பனையில் சாத்தி, அதில் கரியால் திருக்கை கீறினேன். மகள் அதைப் பட்டம் என்றாள். மருமகன் யாழ்ப்பாணத்தில் கந்தோரில் வேலை செய்கிற, படித்த பிள்ளை. நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, வௌவால் வடிவாய் வந்திருக்கிறது என்றார்.

முதல் அம்புகள் பனையைத் தவிர எல்லாத் திசைக்கும் போயின. ஒன்று கல்வேலி தாண்டிப் போய் எதிர்வீட்டு மாட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. நான் எடுக்கப் போக, மீன்காரர் அம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருக்கை இப்போது புல்லு மேயத் தொடங்கிவிட்டதோ என்று கேட்டார். மனுசி முருங்கையிலை ஆய்வதற்குச் சாக்குக்குப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டுக்கொண்டாள். வளவில் அதுதானாம் பயமில்லாத இடம்.

ஆனாலும் விடவில்லை. நேரே பார்த்து விட்டால் அம்பு பாதியில் புல்லில் படுத்துவிடும். அதனால் பனையின் உச்சியில் தொங்கும் நுங்குக் குலையைக் குறிபார்க்கப் பழகினேன். நுங்கைப் பார்த்து விட்டால் அம்பு வளைந்து இறங்கிச் சாக்கின் வயிற்றில் ஏறும். ஒரு பின்னேரம் தொடர்ந்து ஏறியது. மனுசி கதிரையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள். எனக்குக் கிடைத்த பட்டம் அது.

பிள்ளை பிறந்தது. மகளுக்குப் பால் போதவில்லை, குழந்தை கத்தத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துச் சோளகக் காற்றும் பலத்துவிட்டது. மீன்காரர் வள்ளத்தைக் கரையில் இழுத்துவிட்டார். கரையோரத்துப் பரவைக் கடலில் மட்டும் முழங்காலளவு தண்ணீரில் இறங்கலாம்.

"மீன்கார அண்ணை தாறனெண்டு சொல்லேக்கை வாங்கியிருக்கலாம்," என்றாள் மனுசி. "இனி நீங்கள்தான். பிள்ளைக்குப் பால் வேணும். உங்கடை பகிடி வேண்டாம்."

இன்று விடியப் போனோம். மருமகன் மீன் போடுகிற பறியோடு பின்னால் வந்தார். அவசரத்துக்கு உதவுமென்று கடையில் தகரத்தில் அடைத்த ரின்மீன் ஒன்று வாங்கி வைத்திருப்பதாக, வழியில் மெதுவாய்ச் சொன்னார். என்னில் அவ்வளவு நம்பிக்கை.

கடலில் இறங்கின பிறகுதான் ஒரு விசயம் விளங்கியது. அறுபது மீற்றரில் திருக்கை தெரியாது. இருபதிலும் தெரியாது. காற்றில் தண்ணீர் கலங்கி மினுங்க, காலுக்குக் கிட்ட வந்தால்தான் அது மீன் என்றே தெரிகிறது. கனடாவில் மான் மரத்துக்குப் பக்கத்தில் மரியாதையாய் நிற்குமாக்கும்.

முதல் திருக்கை என் பெருவிரலுக்கு முன்னால் போனது. நாணை இழுத்தேன். கை தன்பாட்டில் மேலே எழும்பி நுங்கைத் தேடியது. கடலுக்குள் நுங்குக்கு எங்கே போவது? அம்பு சூரியனை நோக்கிப் போனது.

"மாமா, கொஞ்சம் மேலாலை போட்டுது," என்றார் மருமகன்.

அடுத்ததைக் கண்டதும் நான் பின்னுக்கு நடந்தேன். பழகின தூரம் வந்தால் அடித்துவிடலாம் என்ற நினைப்பு. எனக்கு மீற்றர் வரும்வரை திருக்கை காத்திருக்கவில்லை. எனக்கு வீட்டிலே கத்துகிற குழந்தையின் சத்தம் காதுக்குள் கேட்டது. வெறும் பறியோடு படலையைத் திறக்க ஏலாது.

திரும்பி வருகிறபோதுதான் கண்டேன். மருமகனின் வலதுகாலுக்குப் பக்கத்து மணலில் இரண்டு கண்கள். பின்னால் வால். வாலில் முள். குத்தினால் வளர்ந்த ஆம்பிளையும் கத்திக் குழறுவான்.

"தம்பி, அசையாதையும்," என்றேன்.

வில்லைத் தண்ணீரில் எறிந்துவிட்டு, கடைசி அம்பைக் கையில் பொத்திப் பிடித்து, இரண்டு கையாலும் கண்ணுக்குப் பின்னால் ஊன்றிவிட்டேன். தேத்தண்ணி ஆற்றுகிற தூரம். தடி நடுவில் முறிந்தது. திருக்கை துடித்து ஓய்ந்தது. அந்த நேரம் என் முதுகில் ஏறின பாரத்தோடு கழுத்தில் விழுந்த நகக்கீறு இப்போதும் எரிகிறது. அது திருக்கை கீறினது இல்லை. திருக்கைக்கு நகம் கிடையாது.

படலையில் மனுசி நின்றாள். நான் உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் மருமகன் முந்திக்கொண்டார்.

"மாமா அறுவது மீற்றரிலை நிண்டு அடிச்சவர் மாமி. ஒரே அம்பு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் பறியைப் பார்த்தார். படித்த பிள்ளை காரணமில்லாமல் பொய் சொல்லாது. நான் வாயைத் திறந்தால் தன் கதையும் வெளியே வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். ஏனென்றால், நான் அசையாதையும் என்று சொன்ன அந்த நிமிசத்தில் அந்த மனிதன் என்ன செய்தவர் என்றால்,

"அப்பா, எழுதினது காணும், இஞ்சை வாங்கோ. கறி முடிஞ்சுது, பிள்ளையும் வயிறு நிறையக் குடிச்சிட்டு நித்திரை. அம்மா நாளைக்கும் ஒரு திருக்கை வேணுமெண்டு சொல்லுறா. இவர் மட்டும் இனிக் கடலுக்கு வரமாட்டாராம், நீங்கள் வந்து என்னெண்டு கேளுங்கோ."