நட்டநடுவில் அறுந்த ஏழு

பல்லால் டேப்பைக் கடித்து, அறுந்த துண்டை நோட்டில் வைத்து ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு முறை நீவிவிடுகிறார் உடைப்பக்கா. பக்கத்தில் நம்பர், தேதி, எத்தனை கிலோவில் அறுந்தது என்று எழுதுகிறார். இழை அறுந்தால் இரண்டு பாதி ஆகுமே, ஒரு பாதி நோட்டுக்கு, மறு பாதி இழுப்பறைக்கு. ஒட்டி ஒட்டி அந்த நோட்டு மூட முடியாமல் வாய் பிளந்து கிடக்கிறது. கம்ப்யூட்டர்தான் எல்லாவற்றையும் பதிகிறதே என்று கேட்டால், “அதுல ஒரு வரிய அழிக்க ஒரு விரல் போதும். இதுல அழிக்கணும்னா பிச்சு எடுக்கணும்ல” என்பார்.

புதுப் பொருட்களை உருவாக்கும் ஆராய்ச்சிக் கூடத்தின் மூன்றாவது மாடியில் இருபத்திரண்டு வருடமாக இழுவை மெஷின் அவர் பொறுப்பு. படித்தவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்யும் நூல், தகடு எல்லாம் கடைசியில் இவரிடம்தான் வந்து சேரும். இரு முனையையும் பிடியில் கவ்வவிட்டு, அறும்வரை இழுப்பார். அதனால்தான் உடைப்பக்கா என்ற பெயர். காலையில் மெஷின் சூடாக அரை மணி நேரமாகும். அதற்குள் யாராவது தொட்டால், “தூங்கி எந்திரிச்ச உடனே உங்களால ஓட முடியுமா?” என்று ஒரு கேள்வி விழும். வீட்டில் மட்டும் ஒரு டம்ளர்கூடக் கை தவறியதில்லை. “உடைக்கிறத எல்லாம் ஆபீஸ்லயே முடிச்சுட்டு வந்துடுறா” என்பார் கணவர்.

இந்த வருடம் கூடமே ஒரு கயிற்றைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறது. உயரக் கட்டடங்களில் தொங்கி வேலை செய்கிறவர்களுக்கான கயிறு. இரும்புக் கம்பியைவிடப் பலம், எடையோ கால்வாசிதான் என்று துறைத் தலைவர் மேடை மேடையாகச் சொல்லிவருகிறார். வெயிலும் மழையும் அதை என்ன செய்யும் என்று பார்க்க வேண்டாமா? அதன் இழைகளில் பத்தொன்பதை ஆறு வாரம் விளக்குச் சூட்டில் வாட்டி, நனைத்து, அக்காவிடம் கொடுத்தார்கள். பன்னிரண்டு இழைகள் சொன்ன பாரத்தைத் தாங்கின. ஏழு இழைகள் அதில் பாதியைக்கூடத் தாங்காமல் அறுந்தன. அறிக்கையிலோ பன்னிரண்டுதான் இருந்தது.

“அந்த ஏழும் பிடியில நசுங்கி அறுந்ததும்மா. மெஷின் கோளாறு, சேர்க்கக் கூடாது” என்று ஒரே போடாகப் போட்டார் தலைவர். பிடி கவ்விய இடத்தில் அறுந்தால் அந்தச் சோதனையைத் தள்ளிவிடலாம் என்று விதி உண்டு. அவர் மாணவராக இருந்தபோது அந்த விதியைச் சொல்லிக்கொடுத்ததே அக்காதான். அதையே எடுத்துத் திருப்பி நீட்டுகிறாரே, அதை நினைத்தால்தான் வயிறெரிகிறது. ஏழும் நட்டநடுவில் அறுந்தவை. பாதித் துண்டை எடுத்துப் பார்த்தால் கவ்விய தடம் ஒரு முனையில் இருக்கிறது, அறுந்த சிலும்பல் எங்கோ மறு முனையில் இருக்கிறது. கண் இருக்கிற எவருக்கும் தெரியும். தெரிந்தும் நாக்கூசாமல் சொல்கிறார்.

மாதம் ஒருமுறை, கண்ணாடி துடைப்பவர் அக்காவின் ஜன்னலுக்கு வெளியே தொங்கியபடி இறங்கி வருவார். நுரை பூசும் முன் இரண்டு தட்டு தட்டுவார், அக்கா கையசைப்பார். அவ்வளவுதான் பழக்கம். போன வாரம் வாசலில் தோளில் கயிற்றுச் சுருளோடு வந்தவர், அக்காவை நிறுத்திக் கேட்டார். “அக்கா, ஏதோ புதுக் கயிறு வருதாமே, வெயிட்டே இருக்காதாமே? இதத் தூக்கித் தூக்கி என் தோளே போச்சு. எப்போ குடுப்பாங்க?”

“வரும்போது சொல்றேன்” என்று மழுப்பிவிட்டு மாடியேறினார் அக்கா. மழுப்பியதில் தன்மேலேயே ஆத்திரம். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் பொரிந்து தள்ளினார். “வெயில்லயும் மழையிலயும் தொங்குற மனுசன். வெயில் பட்டா அறுந்து போறத மறைச்சு அவர் இடுப்புல கட்டுவாங்களாம். இதுக்குப் பேரு ஆராய்ச்சியாம்.”

இன்று அறிக்கையைத் தலைவரே கொண்டுவந்திருக்கிறார். நாளை கயிறு தயாரிக்கப்போகிறவர்கள் வருகிறார்கள். சோதித்தவர் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது.

“இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா.”

“அந்த ஏழு எங்க சார்?”

“அதான் சொன்னேனே, பிடி கோளாறுன்னு.”

“பிடி கோளாறுன்னா பிடிகிட்ட அறுந்திருக்கணும் சார். நான் சொல்லித்தானே உங்களுக்கே தெரியும்.”

தலைவர் குரலைத் தாழ்த்தினார். “எல்லாம் பேசி முடிச்சாச்சும்மா. இப்போ இதக் கெளப்பாதீங்க. குறை இருந்தா அடுத்த தடவ சரி பண்ணிக்கலாம்.”

“அடுத்த தடவன்னா, யாராவது விழுந்ததுக்கு அப்புறமா?”

தலைவர் பேனாவை நீட்டினார். அக்கா அதை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து ஏழு பாதிகளையும் வெளியே எடுத்தார். பல்லால் டேப்பைக் கடித்து, கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்துக்கு மேலே ஒவ்வொன்றாக ஒட்டி, நம்பரும் கிலோவும் எழுதினார். ஏழாவதைக் கட்டைவிரலால் இரண்டு முறை நீவிவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.