மெஷின் வந்து சேர்ந்ததாக எழுதச் சொன்னவள்

1. ஷட்டர் இறங்கிய செய்தி

திருவள்ளூரில் மெஷின் கம்பெனியின் ஷட்டர் மூன்று நாளாகத் திறக்கவில்லை என்று போன் வந்தபோது, கும்மிடிப்பூண்டி கிளையில் நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தேன். எலுமிச்சை சாதம். அதை அப்படியே மூடிவிட்டேன்.

புதிதாக பேங்கில் சேருகிறவர்களுக்காக விஷயத்தை விளக்கிவிடுகிறேன். அந்தக் கம்பெனி பாக்குமட்டைத் தட்டு அழுத்தும் மெஷினைத் தவணைக்கு விற்றது. வாங்குகிறவர்கள் கம்பெனி பேருக்கு ப்ரோநோட்டு எழுதிக் கொடுப்பார்கள். கம்பெனி அந்த நோட்டின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு எங்கள் பேங்கிடம் விற்றுவிட்டு, கையோடு பணத்தை வாங்கிக்கொள்ளும். அப்புறம் தவணையை வசூலிப்பது எங்கள் பாடு. நோட்டோடு ஒரு டெலிவரி சீட்டும் இருக்க வேண்டும். ‘மெஷின் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது’ என்று வாங்கியவர் கைப்பட எழுதிய சீட்டு. நோட்டு எழுதியவரை நேரில் பார்த்து அதையெல்லாம் சரிபார்ப்பது என் வேலை.

நான் சரிபார்த்த லட்சணத்தைக் கேளுங்கள். பேங்க் பணம் கைக்கு வந்தால்தான் கம்பெனிக்காரர் மெஷினை இறக்குவார். மெஷின் இறங்கியதாகச் சீட்டு வந்தால்தான் பேங்க் பணம் கொடுக்கும். இந்தச் சிக்கலுக்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, சீட்டை முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுவது. ஒரு வாரத்தில் மெஷின் போய்விடும், யாருக்கும் நஷ்டமில்லை. மூன்று வருஷம் அப்படித்தான் ஓடியது. மேனேஜருக்கும் தெரியும். கடைசியாக வாங்கிய பதினான்கு நோட்டுக்கு மட்டும் மெஷின் போகவில்லை. கம்பெனிக்காரரும் கிடைக்கவில்லை.

2. கேள்வி கேட்ட ஒரே ஆள்

அந்தப் பதினான்கு பேரில் ஒருத்திதான் பேனாவை வைத்துவிட்டு என்னைக் கேள்வி கேட்டவள். பேர் ஸ்டெல்லா. சிப்காட்டில் ஒரு ஃபேக்டரி கேன்டீனில் சமையல் வேலை. கணவர் தாஸ் ரோலிங் மில்லில் வலது கையில் நான்கு விரல்களை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். கட்டை விரலும் இடது கையும் இருந்தால் போதும், இந்த மெஷினை ஓட்டிவிடலாம் என்று கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் ஸ்டெல்லா நோட்டு எழுத வந்தாள். தாஸ் அன்று வரவில்லை.

“மெஷினே இன்னும் வர்ல மேடம். வந்துச்சின்னு எப்பிடி எழுதறது?”

“எழுதினாத்தாம்மா பணம் ரிலீஸ் ஆகும். பணம் போனாத்தான் மெஷின் வரும். சும்மா ஃபார்மாலிட்டி.”

“அப்பறம் பேஜாரு ஒண்ணும் ஆவாதே?”

“நான் இருக்கேன்ல?” என்றேன்.

அவள் சிரித்துவிட்டு எழுதினாள். குண்டு குண்டான எழுத்து. எனக்கு அன்று முடிக்க வேண்டிய ஃபைல் இன்னும் ஆறு இருந்தது.

3. திருவள்ளூர் கோர்ட்

கம்பெனி திருவள்ளூரில் இருந்ததால் கேஸும் அங்கேதான் போட்டோம். பதினான்கு கேஸ். முதலில் விசாரணைக்கு வந்தது ஸ்டெல்லாவுடையது. பேங்க் தரப்பில் முதல் சாட்சி நான்.

சட்டம் சுலபமானது. ப்ரோநோட்டை விலை கொடுத்து வாங்கியவருக்கு, விற்றவர் செய்த மோசடி தெரியாமல் இருந்தால், நோட்டு எழுதியவர் பணத்தைக் கட்டியே ஆக வேண்டும். பொருளே கைக்கு வரவில்லை என்று சொன்னாலும் செல்லாது. ஆனால் பொருள் போகவில்லை என்பது தெரிந்தே வாங்கியிருந்தால் பேங்கின் கேஸ் நிற்காது. அதாவது பதினான்கு கேஸும் எனக்கு அன்று என்ன தெரியும் என்பதில் தொங்கிக்கொண்டிருந்தன.

முந்தின நாள் மேனேஜர் கேபினுக்குக் கூப்பிட்டார். “நீங்க எழுதச் சொன்னதா கேப்பாங்க மேடம். ஞாபகம் இல்லைன்னு சொல்லிடுங்க. அது பொய்யே இல்ல. ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பாக்கறீங்க, எல்லாமா ஞாபகம் இருக்கும்? மாத்திச் சொன்னீங்கன்னா முதல்ல உங்க மேலதான் என்கொயரி வரும். ரிடயர் ஆகப் போற நேரம். பாத்துக்கங்க.”

மறுநாள் கோர்ட் வராந்தாவில் தாஸ் என்னைத் தேடி வந்தார். அவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். பெரியபாளையம் வழியாக இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். ஸ்டெல்லா நாலடி தள்ளி நின்றாள். இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை என்பது நிற்கிற விதத்திலேயே தெரிந்தது.

“மேடம், கேஸு தோத்தா தோத்துக்கினு போவுது. டப்பு எப்பிடியாவது கட்டிக்கலாம். ஆனா ஊர்ல இன்னான்னாவோ பேசிக்கினு கீறானுங்க. கம்பெனிக்காரன் இவ கையில கமிசன் குட்த்துதான் மெஷின் வந்துச்சின்னு எழ்தி வாங்கினானாம். இவளக் கேட்டா, பேங்க் மேடம் சொல்லித்தான் எழ்தினேன்றா. அத மட்டும் நீங்க உள்ள சொல்லிடுங்க மேடம். நான் நம்பிடறேன்.”

ஸ்டெல்லா அங்கிருந்தே சொன்னாள்: “சொல்லுவாங்க. மேடம் நல்லவங்க.”

நான் ஃபைலைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

கூண்டில் ஏறியதும் நோட்டைக் காட்டினார்கள், சீட்டைக் காட்டினார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தன. குறுக்கு விசாரணைக்கு ஸ்டெல்லாவின் வக்கீல் எழுந்தார். நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“இந்தச் சீட்டை எழுதும்போது மெஷின் வரவில்லை என்று என் கட்சிக்காரர் உங்களிடம் சொன்னாரா?”

“ஞாபகம் இல்லை.”

“வந்ததாக எழுதச் சொன்னதே நீங்கள்தானே?”

“ஞாபகம் இல்லை.”

பின் வரிசையிலிருந்து ஸ்டெல்லா சத்தம் போட்டாள். “நான் இருக்கேன்னு சொன்னீங்களே மேடம்!” டவாலி அவளை அதட்டி உட்கார வைத்தார். தாஸ் என்னைப் பார்க்கவே இல்லை. தன் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் பெஞ்சில் அவளைவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

இறங்கி வந்ததும் பேங்க் வக்கீல் “ரொம்ப க்ளீனா சொன்னீங்க மேடம்” என்று பாராட்டினார். காபி வாங்கிக் கொடுத்தார். வெட்கமில்லாமல் குடித்தேன்.

4. அமீனாவோடு போனது

பேங்க் ஜெயித்தது. அந்தத் தீர்ப்பைப் பார்த்து மற்ற பதிமூன்று பேரும் கடனை உடனை வாங்கி ராஜிக்கு வந்துவிட்டார்கள். ஸ்டெல்லாவால் முடியவில்லை. சொத்து என்று இருந்தது ஒரு சின்ன மனை. அதில் சுவர் எழுப்பி, மேலே கூரை போட முடியாமல் விட்டிருந்தார்கள். அதை ஜப்தி செய்ய கோர்ட் அமீனா போகும்போது, இடத்தை அடையாளம் காட்ட பேங்க் தரப்பில் ஒருவர் கூடப் போக வேண்டும். ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. என்னைத்தான் அனுப்பினார்கள்.

பக்கத்தில் தகரம் வேய்ந்த வாடகை அறையிலிருந்து ஸ்டெல்லா வந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் சேரைக் கொண்டுவந்து போட்டாள். பழக்கதோஷம், கேன்டீன்காரி. அமீனா கூட வந்த ஆள் தமுக்கடித்தார். அமீனா சுவரில் நோட்டீஸை ஒட்டினார். அக்கம்பக்கத்தில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

“தாஸ் எங்கம்மா?” என்று கேட்டேன்.

“ஆடி மாசம் செத்துட்டாரு மேடம். நெஞ்சு வலி.”

சேரில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்றேன். ஸ்டெல்லா கிட்டே வந்து, மற்றவர்கள் காதில் விழாமல் கேட்டாள்:

“நெசமாவே உங்களுக்கு ஞாபகம் இல்லியா மேடம்? எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. நாமளேதான் எழ்திட்டமோன்னு.”

“ஞாபகம் இருக்கு ஸ்டெல்லா. நான்தான் எழுதச் சொன்னேன்.”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சாவற வரைக்கும் அவரு நான் துட்டு வாங்கிட்டேன்னே நென்ச்சிக்கினு இருந்தாரு மேடம். கடேசி ஒரு வருசம் என் கையால சோறு வாங்கித் துன்னல. அந்தக் கைய வெச்சிக்கினு அவரே போட்டுத் துன்னாரு. மனைய எட்த்துக்கினு போங்க. இந்த ஒரு வார்த்தைய அன்னிக்கி அவரு எதுர்ல சொல்லியிருந்தா இன்னா மேடம்?”

அமீனா ரிப்போர்ட்டில் சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டார். போய்ப் போட்டேன்.

பேங்க் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வராத பொருளை வந்தது என்று யாரையும் எழுத வைக்காதீர்கள். அவசரத்தில் எழுத வைத்துவிட்டீர்களா, கேட்கிற இடத்தில் ‘ஆமாம், நான்தான் எழுதச் சொன்னேன்’ என்று சொல்லிவிடுங்கள். என்கொயரி வரும், இன்கிரிமென்ட் போகும், வேலையே போனாலும் போகும். எனக்கு ஒன்றும் போகவில்லை. மாலை போட்டு, பேர் பொறித்த வெள்ளித் தட்டு கொடுத்து அனுப்பினார்கள். வெளியே வந்த மறு வாரம் ஸ்டெல்லாவைத் தேடிப் போனேன். ஊர்க்காரர்களைக் கூட்டி வைத்து உண்மையைச் சொல்கிறேன் என்றேன்.

“யாருக்கு மேடம் சொல்லப் போறீங்க?” என்றாள். “கேக்க வேண்டியவரு போய்ட்டாரே.”