தங்கச்சியின் கம்பளியில் தெள்ளு

தங்கச்சி செத்துப்போன பிறகு அவளுடைய நாய்க்குட்டிக்குச் சோறு வைத்தது நான்தான். பாசத்தால் என்று யாரும் நினைக்க வேண்டாம். வைக்காவிட்டால் அது கத்தும். கத்தினால் லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் வீடுகளில் உள்ள எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். பார்த்தால் உள்ளே வந்து உட்கார்ந்து ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதலுக்குப் பயந்துதான் சோறு வைத்தேன்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் பிள்ளைக்காம்பராவில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுப்போகும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். இரண்டு பேருக்கும் கல்யாணம் அமையவில்லை. அதைப் பற்றி ஊர் பட்ட கவலையில் பாதிகூட நாங்கள் படவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் பின்னால் கிடந்த இந்தக் குட்டியை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். தாய் நாய் கொழுந்து லொறியில் அடிபட்டுவிட்டதாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை. “குட்டி சாப்பிட்டுச்சாக்கா?” என்றுதான் கேட்டாள். அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

காரியம் முடிந்ததும் அவள் படுத்த பாயையும் கம்பளியையும் ஆற்றில் விட்டுவிடச் சொன்னார்கள். பாயை விட்டேன். கம்பளியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். குட்டி அதற்குள் போய்ச் சுருண்டுகொண்டது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. எனக்குக் கோபம் வராத நாள் என்றால் என் வகுப்புப் பிள்ளைகளே பயந்துபோவார்கள், பயந்துதான் போனார்கள். காலையில் எழும்பினேன், வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன், வந்தேன், சமைத்தேன். தேத்தண்ணி சூடா ஆறிப்போனதா என்று குடித்து முடித்த பிறகும் தெரியவில்லை. உடம்பு பழக்கத்தில் நடமாடிக்கொண்டிருந்தது.

குட்டி எப்போது பார்த்தாலும் சொறிந்துகொண்டிருந்தது. வயிற்றில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்பாக எதுவோ ஒட்டியிருந்தது. வாலடியில் முடி கொட்டி, முடிக்குள் தெள்ளுப்பூச்சி ஓடியது. நாய் என்றால் தெள்ளு இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் காலையில் சோற்றை வைத்தும் அது எழும்பவில்லை. கத்தவும் இல்லை.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அண்ணன் வந்து பார்த்தார். லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்டிருப்பவர். கையோடு ஒரு போத்தலும் கொண்டுவந்திருந்தார்.

“இதுக்குப் போய் டவுனுக்கு அலையணுமா டீச்சர்? கெழங்குக்கு அடிக்கிற மருந்துதான். ஒரு மூடி தண்ணியில கலந்து மேல ஊத்துங்க. ஒரு தெள்ளு மிஞ்சாது.”

“குட்டி மிஞ்சுமாண்ணே?”

“வெளியதானே டீச்சர் ஊத்துறோம்.”

“அது தன் ஒடம்ப நக்கிக்கிட்டே கெடக்கும்ணே. உள்ளதான் போகும்.”

அவர் முகம் சுண்டிப்போனது. நல்ல மனுஷன், தங்கச்சியின் பெட்டி தூக்கிய நாலு பேரில் அவரும் ஒருவர். இதுவும் செத்துப்போனால் இன்னொரு சுற்று ஆறுதல் கேட்க வேண்டும் என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான் தங்கச்சி கேட்ட கேள்வி வந்தது. கொழுந்துக்கூடையில் துணி விரித்துக் குட்டியை வைத்துப் பதுளை பஸ்ஸில் ஏறினேன்.

மிருக வைத்தியர் யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட வயதில் சின்னவர். குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். வெள்ளைக் காகிதம்போல் இருந்தது. வயிற்றில் இருந்த கறுப்புத் தூளைக் கொஞ்சம் சுரண்டி ஈரப் பஞ்சில் வைத்தார். பஞ்சு சிவந்துகொண்டு வந்தது.

“இது ஊத்தை இல்லை டீச்சர். தெள்ளு குடிச்சுப்போட்டுக் கழிச்ச இரத்தம். இப்படியே விட்டா குட்டி தாங்காது.”

இந்த வயதுக் குட்டிக்குக் கண்ட கண்ட ஸ்ப்ரே, பவுடர் எதுவும் போடக் கூடாது என்றார். தோட்டத்து மருந்தையும் மண்ணெண்ணெயையும் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. பெரிய நாயின் மருந்தைப் பாதியாக்கிப் போடுவதும் ஆபத்து. வளர்ந்த பிறகு நிறை பார்த்துத் தானே சொட்டு மருந்து தருகிறேன் என்றார். அதுவரைக்கும் வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தை சோப், பேன் சீப்பு. சீப்பில் வருவதை உடனே சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். குளிப்பாட்டியதும் துடைத்து அடுப்படியில் சூடாக வைத்திருக்க வேண்டும். இரத்தம் ஊற ஒரு பாணி மருந்தும் கொடுத்தார்.

“நாயில இருக்கிறது கொஞ்சம்தான். முட்டை முழுக்கப் படுக்கையில கிடக்கும். படுக்கிற துணி எல்லாத்தையும் அவியுங்கோ. மூலை முடுக்கெல்லாம் கூட்டுங்கோ. சரி, உங்களுக்குக் கடிக்கேல்லையோ?”

குனிந்து பார்த்தேன். கணுக்காலில் இருந்து மேலே சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. சிலது புண்ணாகிக்கூட இருந்தது.

“அரிக்கேல்லையோ?”

“இல்லையே.”

குட்டியின் ஈறைப் பார்த்த மாதிரியே என்னையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைகழுவப் போனார்.

வீட்டுக்கு வந்து சொன்னபடி செய்தேன். பேன் சீப்பு தங்கச்சியுடைய பையில் இருந்தது. பிள்ளைக்காம்பராப் பிள்ளைகளுக்கு வாருவதற்கு வைத்திருந்தாள். பல்லில் அவளுடைய நீள முடி ஒன்று சிக்கியிருந்தது. இழுத்துக் குப்பையில் போட்டேன். ஒன்றும் தோன்றவில்லை. சாக்கு, பழைய சேலை, என் போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் அவித்தேன். கம்பளியை மட்டும் தொடவில்லை. நான் தினமும் வார வார, சோப்புத் தண்ணீரில் தெள்ளு மிதக்க மிதக்க, மறுநாள் குட்டியின் மேல் அதே அளவு ஓடிக்கொண்டிருந்தது. ஈறு வெளுத்தபடியே இருந்தது. திரும்பவும் பஸ் ஏறினேன்.

“வீட்டில ஏதோ ஒண்டு மிச்சம் இருக்கு” என்றார் வைத்தியர், சீப்பைப் பார்த்துவிட்டு.

“ஒரு கம்பளி இருக்கு. தங்கச்சியோடது.”

தங்கச்சி எங்கே என்று கேட்கவில்லை. குட்டியைக் கூடைக்குள் வைத்து மூடினார்.

“எறியச் சொல்லேல்லை டீச்சர். அவியுங்கோ. ரெண்டில ஒண்டுதான் இருக்கும், அதில இருக்கிற தெள்ளு இல்லாட்டிக் குட்டி.”

வெயில் வந்த ஒரு காலையில் வாசலில் கல் வைத்து, தகர டின்னில் தண்ணீர் கொதிக்கவிட்டுக் கம்பளியை அமுக்கினேன். ஆவி எழுந்தது. அவள் நெஞ்சுக்குத் தடவிய தைலமும், பிள்ளைகளுக்குப் போடும் பவுடரும் மணந்தன. தண்ணீர் கறுத்தது. கம்பால் கிண்டினேன், சோறு கிண்டுகிற மாதிரி. அதற்குப் பிறகுதான் சீப்பு வெறுமையாக வரத் தொடங்கியது, குட்டியின் ஈறும் சிவந்தது. குட்டி பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்தக் காலையில் அதெல்லாம் எனக்குத் தெரியாது. கம்பளி ஆறும்வரைக்கும் படியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

நனைந்த கம்பளியை ஒற்றை ஆளால் பிழிய முடியாது. அண்ணனைக் கூப்பிட்டேன். போத்தலை வேண்டாம் என்றதை மனதில் வைக்காமல் வந்து ஒரு முனையைப் பிடித்தார். நான் மறுமுனையைப் பிடித்தேன். இரண்டு பேரும் முறுக்கினோம். கம்பளி முறுக்கேறவில்லை, நடுவில் உருண்டது. ஒரு சொட்டும் வரவில்லை. திரும்பவும் முறுக்கினோம். திரும்பவும் உருண்டது.

“டீச்சர், நீங்க கைய மாத்தி முறுக்குறீங்க. எல்லாரும் முறுக்குற மாதிரி இந்தப் பக்கம் முறுக்குங்க.”

தங்கச்சி இடக்கைக்காரி. சின்ன வயதில் இருந்தே அவள் முறுக்குகிற பக்கத்துக்குத் தோதாக நானும் மாற்றி முறுக்கிப் பழகியிருக்கிறேன். மற்றவர்கள் எல்லோரும் மறுபக்கம் முறுக்குவார்கள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இனி இதை யாரோடு பிழிந்தாலும் என் கையைத் திருப்பத்தான் வேண்டும்.

திருப்பினேன். கம்பளி இறுகியது. கறுப்புத் தண்ணீர் கொட்டி என் கால் முழுக்க ஓடியது. கடித்த இடமெல்லாம் ஒன்றாகப் பற்றிக்கொண்டதுபோல் எரிந்தது, அரித்தது, தாங்க முடியவில்லை.

“எரியுதுண்ணே” என்றேன்.

“தண்ணி ஆறிப்போச்சே டீச்சர்?”

“எரியுதுண்ணே.” கம்பளியை விடாமல், லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதேன். காம்பரா வாசல்களில் தலைகள் தெரிந்தன. அண்ணன் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தன் முனையைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.