கேமராவுக்கு விட்ட எண்ணெய்

உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். ஒயரைப் பிடுங்கி மீண்டும் செருகினேன். கேமராவில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரோ அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தெருவில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேசையை அதிரவைத்தன.

கட்டில் ஓரத்தில் கீழ் வீட்டு அக்கா. ஹார்பரில் வேலை பார்த்த அவர் கணவர் இறந்து மூன்று வாரம். சர்ச்சில் முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களிடம் கொடுக்க நினைவு அட்டை அடிக்க வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் படம் வேண்டுமென்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். வீட்டிலிருந்த படங்களில் எல்லாம் அவர் யாரோ அதட்டி நிற்கவைத்ததுபோல முறைத்துக்கொண்டிருந்தார். சிரித்த படம் ஒன்றே ஒன்று. அதை எடுத்தவன் நான்.

எடுத்த அன்று மெமரி கார்டு போட மறந்திருந்தேன். படம் கேமராவுக்குள்ளேயே தங்கிவிட்டது, ஒயர் வழியாகத்தான் வெளியே வரும். கேமராவின் திரை செத்து வருஷங்களாகிறது. உள்ளே அவர் இருக்கிறாரா, எப்போதோ அழிந்துவிட்டாரா? தெரியாது. இரவல் ஒயர் வாங்கிவந்து செருகினேன். அதுவும் ஊமை. ஆட்டினேன், ஊதினேன், தட்டினேன்.

அக்கா கேமராவை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். ஒயர் செருகும் துளைக்குள் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

"இன்னா தம்பி, பூட்டுக்கு வுடுற மாரி இதுக்கும் எண்ண வுட்டு வச்சிக்கீறியா?"

விட்டுத்தான் வைத்திருந்தேன். ராயபுரத்து உப்புக்காற்றில் எண்ணெய் காணாத இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. பூட்டு, கீல், தையல் மிஷின், சைக்கிள் செயின் என்று மாதம் ஒருமுறை வரிசையாக விட்டுக்கொண்டே வருவோம். அந்த வேகத்தில், பத்திரமாக இருக்கட்டும் என்று, இதற்கும் இரண்டு சொட்டு.

"அவரு இருந்திருந்தா வூடு வூடா சொல்லி மானத்த வாங்கியிருப்பாரு" என்றார். பேட்டரியைக் கழற்றச் சொன்னார். தீக்குச்சி முனையில் பஞ்சு சுற்றி, கொரோனா காலத்து சானிடைசரில் நனைத்து, காது குடைவதுபோலப் பொறுமையாகத் துடைத்தார். ஐந்து பஞ்சு கறுத்தது. காயட்டும் என்றார். காயும்வரை நான் அறைக்குள் நடந்துகொண்டிருந்தேன்.

செருகியதும் கம்ப்யூட்டர் டிங் என்றது. ஒரே ஒரு படம் வந்தது. மாடியில் ஈரத்துணிகளுக்கு நடுவே அவர். வாய் நிறையச் சிரிப்பு. கண்கள் இரண்டும் மூடியிருந்தன.

நினைவு அட்டையில் யாரும் கண் மூடிய படம் போடுவதில்லை; பெட்டிக்குள் படுத்திருக்கும் முகம் ஞாபகம் வந்துவிடும் என்பார்கள். அச்சகத்திலேயே வேண்டாம் என்பார்களே என்று இழுத்தேன்.

அக்கா திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"சிரிச்சா அவருக்குக் கண்ணு தொறக்காது தம்பி. இத்தயே போட்டுக் குடு. கேக்கறவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."

பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். அச்சகத்துக்கு நானும் கூட வருகிறேன் என்று சட்டையைத் தேடுவதற்குள் அவர் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.